மாத்தளை என்று எழுதாத கடுதாசி

புளி பட்ட பித்தளையின் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் நவம்பர் மாதம்தான் நினைவுக்கு வரும். ஐம்பதுகளின் நடுவில் இலங்கையின் மாத்தளை நகரத்துப் பின்வீதி ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது, நவம்பர் பிறந்ததும் அம்மா சாமி விளக்கைத் துலக்கிய கையோடு, அதே புளியும் சாம்பலும் வைத்து அப்பாவின் நட்சத்திர "மெடலை"யும் துலக்கித் துண்டில் துடைத்து வைப்பார். இரண்டாம் உலக யுத்தத்தில் எகிப்துப் பக்கம் பட்டாள லொறி ஓட்டியதற்காக வெள்ளைக்காரர்கள் கொடுத்தது அது.

அப்பாவின் பெயர் பெருமாள். யுத்தம் முடிந்து வந்து ஒரு கொக்கோ ஸ்டோரில் லொறி ஓட்டினார். எகிப்தில் அவரோடு ஒரே லொறியை முறை மாற்றி ஓட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு சாலிஹ் நானா. நானாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரிலேயே இருந்த, அண்ணனை நானா என்று அழைக்கும் முஸ்லிம் குடும்பம். அப்பாவோ திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த தாயின் இடுப்பில் கைக்குழந்தையாக வந்தவர். இருவரும் உட்கார்ந்தால் மணல்காற்றும் டின் மீனும்தான் பேச்சு. கேட்டுக் கேட்டு அலுத்த அம்மா, "அந்த மண்ணை இன்னும் வாயிலேருந்து துப்பலையா ரெண்டு பேரும்" என்பார்.

ஊரில் ஒரு "கிளப்" இருந்தது. தோட்டத்துத் துரைமாரும் பெரிய உத்தியோகத்தரும் பில்லியர்ட்ஸ் ஆடுகிற இடம். மற்ற நாட்களில் அப்பா அங்கே போனால் சாமான் இறக்கத்தான், அதுவும் பின்கேட்டால். நவம்பரில் யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவாகச் சிவப்புக் காகிதப் பூ விற்கும் அந்த ஒரு நாள் மட்டும் யுத்தத்துக்குப் போனவர்களை முன்வாசலால் அழைத்து, வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்ததும் ஓரடி முன்னே வைத்து "சல்யூட்" அடிக்க வேண்டும். பிறகு தேத்தண்ணீரும் கேக்கும். பெண்டு பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். அப்பாவின் பெயர் வரும்போதெல்லாம் என் கால் தானாகவே ஓரடி முன்னே போகும்.

ஒரு வருடம் கிளப்பின் செயலாளர் ஐயா புதிதாக ஒன்று செய்தார். ஒவ்வொருவரின் சேவையையும் புகழ்ந்து இங்கிலீஷில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர், நல்லதை நினைத்தே செய்தார், அதைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் நானாவும் தங்கள் "கடுதாசி"களை என் முன்னால் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிற பெரிய மனுஷி நான்தானே. நானாவின் தாளில் "மாத்தளையின் வீரப் புதல்வர்" என்று இருந்தது. அப்பாவின் தாளில் "இந்தியாவின் வீரப் புதல்வர்" என்று இருந்தது.

"ஏன் அப்பா, உங்களுக்கு மட்டும் இந்தியான்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

அப்பா நானாவைப் பார்த்துச் சிரித்தார். "மாத்தளை எம்மாத்திரம், இந்தியா எம்மாத்திரம்? எனக்குத்தான் பெரிய மரியாதை குடுத்திருக்காங்க."

நானாவுக்கும் சிரிப்பு வந்தது. அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

சுதந்திரத்துக்குப் பின் எங்களைப் போன்றவர்கள் "பிரஜாவுரிமை"க்கு விண்ணப்பம் போட்டுத்தான் இந்த நாட்டுக்காரர் ஆக வேண்டியிருந்தது. அப்பாவும் போட்டிருந்தார். சில மாதங்களில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. அம்மா பள்ளிக்கூடக் கடிதம், அரிசிக் கூப்பன் புத்தகம் எல்லாவற்றையும் தேடிக் கட்டும்போது நானா வந்து, "பெருமாள், அந்தக் கண்ணாடிக் கடுதாசியையும் கொண்டு போங்க. இந்த நாட்டுலேருந்து யுத்தத்துக்குப் போனவர்னு அவங்களுக்கும் விளங்கட்டும்" என்றார். அப்பா அதைப் புதுத் துவாலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

விசாரித்த உத்தியோகத்தர் மற்றத் தாள்களை வேகமாகப் புரட்டினார். கண்ணாடிச் சட்டத்தை மட்டும் எடுத்து நிதானமாக வாசித்தார். அவர் கேட்டதைப் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "இந்தியாவோட புதல்வர்னு இதுல இருக்கே. இது நீங்களாத்தானே கொண்டு வந்தீங்க?"

"அது மரியாதைக்கு எழுதினதுங்க ஐயா. நான் கைக்குழந்தையா வந்தவன். எனக்கு அந்த ஊர்ல ஒரு ஆளையும் தெரியாது."

உத்தியோகத்தர் கோபப்படவில்லை. குனிந்து நெடுநேரம் ஏதோ எழுதினார். அப்பாவின் கை சட்டத்தை வாங்கத் தயாராக நீட்டியபடியே இருந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கண்ணாடிச் சட்டம் எதுவும் கொண்டு போகாத எத்தனையோ பேரையும் நிராகரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வரி இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது காரணம் கிடைத்திருக்கும். ஆனால் அப்பா அப்படி நினைக்கவில்லை. அடுத்த நவம்பரில் அம்மா விளக்கை மட்டும் துலக்கினார். கிளப்பில் அப்பாவின் பெயரை வாசித்தார்களாம், யாரும் முன்னே வரவில்லையாம். நானா வந்து சொல்லிவிட்டு, தன் வீட்டுச் சுவரிலிருந்த தாளையும் கழற்றி வைத்துவிட்டார்.

பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் கூடிப் பேசி எங்களைப் பங்கு பிரித்தன. பிரஜாவுரிமை கிடைத்த ஒருவரைக் கட்டி மாத்தளைக்கு அப்பால் நாவுலைக்குப் போயிருந்த நான் இங்கே மிஞ்சினேன். அப்பா அம்மாவின் பெயர் அந்தப் பக்கத்துக்கு விழுந்தது. மாத்தளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது சாலிஹ் நானா விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அங்கே அவருக்குப் பிழைப்பு சரியாக அமையவில்லை. கடைசியாக வந்த கடிதங்களில் ஒன்றில், "கிளப் செயலாளர் ஐயாவைப் பார்த்து, அந்தக் கடுதாசியில் மாத்தளை என்று மாற்றி எழுதி வாங்கி அனுப்பு. காட்டினால் திரும்பி வர விடுவார்கள்" என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். செயலாளர் ஐயா இறந்து அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அதை எழுத மனம் வரவில்லை. "எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்" என்று பதில் போட்டேன். அப்பா கண்ணை மூடும்வரை தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றாராம், அம்மா எழுதினார்.

கிளப் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். நானாவும் இல்லை. அப்பா விட்டுப்போன சட்டம் என் அலுமாரியில் இருக்கிறது. போன வாரம் அதை வெளியே எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, பேனாவைத் திறந்து, "இந்தியா" என்ற சொல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அந்த எழுத்தோடு சேராது. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.