அசல் அளவில் ஒரு சேதுக் காசு

என் கணவருக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். மற்ற ஆண்கள் ஓய்வு பெற்றால் ஓர்கிட் வளர்ப்பார்கள், வாவிக்கரையில் நடப்பார்கள், மிஞ்சிப்போனால் அரசியல் பேசுவார்கள். இவர் செத்துப்போன ராசாக்களின் சில்லறையைத் தேடப் புறப்பட்டார். நாவலப்பிட்டியில் பிறந்து, கண்டியில் கந்தோர்க் கணக்குப் பார்த்தே தலை நரைத்த மனிதர். போகட்டும், வீட்டில் காலடியில் நிற்காமல் இருந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். விட்டது பெரிய பிழை.

"காசு வாங்குறதுக்கு முன்னாடி புத்தகம் வாங்கணும்" என்று ஒருநாள் எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். நல்ல வார்த்தைதான். அதைக் கேட்டபோது அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் காசு சேர்ந்திருந்தது. என்ன காசு, யாருடைய காசு என்று டின்னுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கண்டியில் ஒரு புத்தகக் கடை விடாமல் ஏறி இறங்கினோம். முதல் கடையில் பள்ளிக்கூட வரலாற்று வழிகாட்டியை எடுத்துத் தந்தார்கள். அடுத்த கடையில் உலக நாடுகளின் நாணயங்களெல்லாம் அடங்கிய செங்கல் கனமான ஒரு புத்தகம். அதில் நம்முடைய நாட்டுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரைப் பக்கம். அதுவும் வெள்ளைக்கார ராணியின் தலையிலிருந்துதான் தொடங்கியது. அதையும் வாங்கினார். இப்போது அது குசினி ஜன்னல் காற்றில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. பிறகு ரோமானியக் காசுகள் பற்றி ஒன்று. அந்தக் காலத்தில் ரோமானியக் காசு இலங்கைக்கு வந்ததாம். அதனால் சோறு சாப்பிடும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரவர்த்தியின் மூக்கையும் நான் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

அதற்குப் பின் வந்தது படமே இல்லாத ஒரு பழைய அருங்காட்சியகப் பட்டியல். பக்கம் பக்கமாக ஒரே வசனம்: "நிற்கும் உருவம், தெளிவில்லை." அதை அவர் தேவாரம் போலப் பக்தியோடு வாசித்தார். காலையில் தேத்தண்ணிக்கு முன் குசினி வாசலில் வந்து நிற்பவரை நான் அன்றிலிருந்து அந்த வசனத்தால்தான் சொல்கிறேன்.

கடைசியில் அவருக்கு ஞானம் பிறந்தது. உலகம் முழுவதற்கும் ஒரு புத்தகம் தேடக் கூடாது, சேர்க்கிற காசுக்குரிய புத்தகத்தைத் தேட வேண்டும். யாழ்ப்பாண ராசாக்கள் அடித்த சேதுக் காசுகளைச் சேர்ப்பதென்று முடிவெடுத்தார். பெண் எடுத்தது யாழ்ப்பாணத்தில். காசும் அங்கேயே எடுக்கலாம் என்று நினைத்தார் போலும். அந்தக் காசுகளுக்கென்றே ஒரு புத்தகம் இருந்தது. அச்சில் இல்லை. பேராதனையில் ஒரு நூலகத்தில் ஒரு பிரதி, வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கே வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து, அனுமதி வாங்கி, புத்தகத்தை நாங்கள் பார்க்காமலே அவரிடமே போட்டோக்கொப்பிக்குச் சொல்லிவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். "ரெண்டு பக்கத்த ஒரே தாள்ல சுருக்கிப் போடுங்க, எதுக்கு வீணா பேப்பர்" என்றார். பழங்காசுக்கு வாரி இறைக்கிற கை தாளுக்கு வந்ததும் இறுகிவிட்டது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது.

கம்பிச்சுருள் போட்ட அந்தக் கட்டு வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் பூசாத குறைதான். முன்னுரையில் ஒரு வரியை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: படங்கள் யாவும் அசல் அளவில். எடை போட்டிருந்த வரிசையைக் கொப்பி மெசினின் கறுப்பு நிழல் விழுங்கிவிட்டது. அளவு இருக்கிறதே, எடை எதற்கு? காசைப் படத்தின் மேல் வைக்க வேண்டும். மூடினால் அசல். வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் போலி. இவ்வளவுதான் அவருடைய சாத்திரம்.

என்னிடமும் ஒரு சேதுக் காசு இருந்தது. கலியாணமாகிக் கண்டிக்கு வரும்போது அம்மா தந்தது. ஒரு பக்கம் நிற்கிற ராசா, மறுபக்கம் படுத்திருக்கிற எருது, அதற்குக் கீழே சேது என்று எழுத்து. "இது எங்கட ராசான்ரை காசு. கவனமா வைச்சிரு" என்றாள். அவ்வளவுதான், நீட்டி முழக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நான் அதைக் குங்குமச் சிமிழுக்குள் வைத்திருந்தேன்.

"கொண்டா, பாப்போம்" என்றார். படத்தின் மேல் வைத்தார். சுற்றிவர நீட்டிக்கொண்டு நின்றது.

"டூப்ளிகேட்" என்றார். "ஒங்க அம்மாவ யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சூடை மீன்கூட வாங்காதவள் என் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? என்ன கதை கதைக்கிறியள்?"

"நானா சொல்றேன்? புத்தகம் சொல்லுது."

புத்தகத்தோடு யார் சண்டை போடுவது? அம்மாவிடம் கேட்கலாமென்றால் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளும் சந்தேகம் வந்துவிட்டது. பின்னேரம் விளக்கேற்றும்போது அவளுடைய படத்தை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை. அவர் சொன்னதைவிட அதுதான் என்னை அதிகம் வதைத்தது.

இதற்கிடையில் ஒரு வியாபாரி அகப்பட்டான். இவர் படத்தின் அளவைத் தொலைபேசியில் சொல்வார். கொஞ்ச நாளில் அதே அளவில் காசு வந்து நிற்கும். "சேர், உங்கட படத்துக்கு அச்சொட்டா இருக்கும்" என்பான். இருந்தது. எங்கள் ராசாக்கள் செத்த பிறகும் ஓடர் எடுத்துக் காசு அடித்தார்கள். காசு செருகும் அல்பம் நிறைந்தது.

பேராதனையில் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவரிடம் அந்தப் புத்தகத்தின் அசல் பிரதியே இருப்பதாகக் கேள்விப்பட்டு, அல்பத்தைக் காட்டப் புறப்பட்டார். என் காசையும் தனிப் பொலித்தீன் உறையில் போட்டு, மேலே "போலி" என்று எழுதி எடுத்துக்கொண்டார். போலி எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட வேண்டுமாம். காசைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன்.

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்து மனிதர். "இருங்கோ" என்று கதிரையைக் காட்டிவிட்டு அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தார். எடுத்து வந்தார் என்பதைவிடச் சுமந்து வந்தார் என்பது சரி. பள்ளிக்கூடக் கொப்பி அளவில் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் விரித்தால் பாதி மேசையை மூடியது.

இவர் பழக்கதோஷத்தில் தன் ஆசைக் காசை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். படம் சுற்றிவர வெளியே தெரிந்தது. அடுத்ததை வைத்தார். அதற்கடுத்ததையும் வைத்தார்.

விரிவுரையாளர் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "இதுகள் எல்லாம் ஒரே அச்சில வார்த்த மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

"என்கிட்ட இருக்கிற புத்தகத்துல சரியா இருந்திச்சே" என்று இவர் கம்பிச்சுருள் கட்டை வெளியே எடுத்தார். விரிவுரையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சுருக்கியெல்லோ எடுத்திருக்கிறியள்" என்றார், மிகவும் மெதுவாக.

நான் "போலி" உறையைப் பிரித்து, என் காசை எடுத்து அசல் புத்தகத்துப் படத்தின் மேல் வைத்தேன். படம் முழுதாக மறைந்தது.

விரிவுரையாளர் அதைக் கையில் எடுத்து விளிம்பைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "தங்கச்சி, இது ஆற்றை?"

"அம்மான்ரை."

"நல்ல காசு. எருதின்ரை கொம்புகூடத் தேயேல்லை. கவனமா வைச்சிருங்கோ."

அம்மா சொன்ன அதே வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்நிய வீட்டில், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில், கெட்டம்பே தாண்டியதும் இவர் அல்பத்தை மடியில் விரித்தார். பிறகு, "அந்தக் காச அல்பத்துல மொத பக்கத்துல வச்சா எடுப்பா இருக்கும்ல?" என்றார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மிச்ச வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மாவின் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சொல்லுங்கோ."

"என்னத்த?"

"ஆரோ ஏமாத்திப்போட்டினம் எண்டு சொன்னியளே. இப்ப அவவிட்டயே சொல்லுங்கோ."

அசைந்து அசைந்து நின்றார். கடைசியில் தொண்டையைச் செருமினார். "மாமி, அந்தப் புத்தகத்துல ஒரு சின்னத் தப்பு..."

"புத்தகத்தில பிழையில்லை. திரும்பச் சொல்லுங்கோ."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாமி, காசு நல்ல காசு. ஒங்கள யாரும் ஏமாத்தல." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்னையத்தான்" என்றார்.

காசைச் சிமிழுக்குள் வைத்து மூடினேன். பிறகு விளக்கை ஏற்றிவிட்டு அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.