விளையாட்டில் கற்ற பதில்

2008-ஆம் வருடம். புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் நடந்தது இது. இத்தனை வருடத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் கணவருக்கே பாதிதான் தெரியும்.

பத்தாவது வரை நெல்லித்தோப்பில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். அப்பா மில் தொழிலாளி. மில் படுத்த பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் பூ வியாபாரம். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்ததால் ஃபீஸில் சலுகை கொடுத்து இந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்.

வகுப்பில் நான் ஊமை. புத்தகத்தில் இருக்கும் இங்கிலீஷ் புரியும். பேசத்தான் வராது. டீச்சர் ஒரு கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருக்கும். அதை மனசுக்குள் இங்கிலீஷில் கோத்து முடிப்பதற்குள் வேறு யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள். கொஞ்ச நாளில் டீச்சர்கள் என் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அந்த வகுப்பில் என்னிடம் தானாக வந்து பேசியவள் ஒருத்திதான். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பக்கம் பெரிய வீடு. சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பதால் அவளுக்கு பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் தடுமாற்றம். ஒருநாள், "எங்க வீட்டுக்கு வாயேன்டி, ஒரு கேம் இருக்கு. அதுல ஒரே இங்கிலீஷ். நீ படிச்சு சொன்னீன்னா நான் விளையாடுவேன்" என்றாள்.

பாரிஸில் இருந்த அவள் அண்ணன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த செட் அது. டிவியில் மாட்டி விளையாட வேண்டும். நான் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. அந்த விளையாட்டில் நாம் ஒரு பள்ளி மாணவன். காலையில் எழுந்து பள்ளிக்குப் போகணும், சாயங்காலம் நண்பர்களோடு சுற்றணும், நடுவே பேய் பிசாசுகளோடு சண்டையும் போடணும். அவளுக்குச் சண்டைதான் பிடிக்கும். பள்ளிக்கூடம் வந்தால் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டிவிடுவாள்.

கேமில் வரும் வகுப்பில் வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டே திடீரென்று நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார். திரையில் மூன்று பதில்கள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். சரியாகச் சொன்னால் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் ஆச்சரியமாக முணுமுணுப்பார்கள், நமக்கு மதிப்பு கூடும். வகுப்பில் கேட்டதையே பின்னால் பரீட்சையிலும் கேட்பார்கள். ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள்.

எனக்கு அதில் பிடித்தது என்ன தெரியுமா? அந்த வாத்தியார் காத்திருப்பார். நான் பட்டனை அழுத்தும் வரை அப்படியே நிற்பார். டிக்ஷனரியைப் புரட்டி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து, யோசித்து, நிதானமாகப் பதில் சொல்லலாம். திரையில் அவள் பெயர்தான் இருந்தது. பதில்கள் என்னுடையவை. எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்படி ஒரு பெருமிதம். பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கு ஓடுவேன், இருட்டுவதற்குள் நெல்லித்தோப்புக்குத் திரும்பிவிடுவேன்.

ஒருநாள் அந்த வாத்தியார் நிலாவைப் பற்றிக் கேட்டார். நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது, ஏன்? நான் 'நிலா சுழலுவதில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தப்பு. பிறகு அவரே விளக்கினார். ஒரு நாற்காலியைப் பார்த்தபடியே அதைச் சுற்றி வா. ஒரு சுற்று முடிவதற்குள் நீயும் உன்னையே ஒருமுறை சுற்றியிருப்பாய். நிலாவும் அப்படித்தான் என்றார். தோழிக்குப் புரியவில்லை. ஹாலில் கிடந்த பிரம்பு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு நானே சுற்றிக் காட்டினேன்.

"பாருடி, மொதல்ல எதிர்ல செவுரு தெரியுதா? இப்ப ஜன்னல். இப்ப வாசல். அப்ப நான் திரும்பிக்கிட்டுதானே இருக்கேன்?"

அப்போது அவள் அப்பா உள்ளே வந்தார். "என்னாம்மா, நாற்காலிக்குப் பிரதட்சணமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அரையாண்டு வந்தது. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என் தோழிக்கு மார்க் குறைந்துகொண்டே போகிறது, வீட்டில் கேம் இருந்தால் எடுத்து வையுங்கள் என்றார்களாம். எடுத்து அண்ணனிடமே திருப்பி அனுப்பிவிட்டோம் என்று அவள் அப்பாவும் சொல்லிவிட்டார். உண்மையில் அது பீரோவுக்குள்தான் இருந்தது. அவர் வெளியே போகும் நேரம் பார்த்து இவள் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் நான் அந்த நாட்களில் அவள் வீட்டுக்குப் போகவில்லை, இதெல்லாம் எனக்குத் தெரியாது.

இயற்பியல் பரீட்சையில் எங்கள் டீச்சர், புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை யோசித்து எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார். நிலாவின் ஒரே பக்கம்தான் நமக்குத் தெரிகிறது, ஏன்? எனக்குக் கை பறந்தது. நாற்காலியை வரைந்து, சுற்றி அம்புக்குறி போட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகு நான் சந்தோஷமாக எழுதிய முதல் பதில் அதுதான்.

விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் இரண்டு தாள்களை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார். இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நானும் என் தோழியும். வகுப்பிலேயே அந்தக் கேள்விக்குச் சரியாக எழுதியது நாங்கள் இருவர்தான். இரண்டிலும் நாற்காலி. பரீட்சை ஹாலில் அவள் எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தச் சேர் எந்த புக்ல இருக்கு?" என்று டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவளைக் கேட்கவில்லை.

இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். "கேம், மேடம்..." என்பதற்கு மேல் வரவில்லை. தமிழில் சொன்னேன். இவங்க வீட்டில் ஒரு கேம் இருக்கிறது, அதில் வரும் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார், இரண்டு பேரும் அங்கேதான் கற்றுக்கொண்டோம் என்றேன். வகுப்பு மொத்தமும் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என் தோழி பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எங்க வீட்ல அப்படி எதுவும் இல்ல மேடம்" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஏய், நான் நாற்காலிய சுத்திக் காட்டுனேனே! உங்க அப்பாகூட பாத்தாரே! மேடம், வேணும்னா அவங்க அப்பாவ கேட்டுப் பாருங்க."

"உன் பொய்க்குச் சாட்சி சொல்ல அந்தப் பெரிய மனுஷனை வரச் சொல்லணுமா? நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் டீச்சர்.

மறுநாள் அப்பா ஷிப்டின் நடுவில் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனி சட்டையோடே வந்தார். தலைமையாசிரியை அறையில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. டீச்சர் நடந்ததைச் சொன்னார். சலுகையில் படிக்கும் பிள்ளைகள் ஒழுக்கமாக இருப்பார்கள் என்று நம்பித்தான் சேர்க்கிறோம், இப்படியானால் யோசிக்க வேண்டிவரும் என்றார் தலைமையாசிரியை.

அப்பா சொல்வார் என்று நினைத்தேன். வீட்டில் முந்தின நாள் எல்லாவற்றையும் அவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். அந்த கேமைப் பற்றி அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், நாற்காலியைச் சுற்றியது புரிந்திருக்கும்.

அப்பா கையைக் கூப்பினார். "புள்ள தெரியாம செஞ்சிட்டுது மேடம். இந்த ஒரு வாட்டி மன்னிச்சுடுங்க."

"அப்பா, நான் பாத்து எழுதலப்பா" என்றேன். என் பக்கம் திரும்பாமலேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. நான் பேச்சை நிறுத்தினேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். தலைமையாசிரியை இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். பரீட்சையில் தோழியின் தாளைப் பார்த்து எழுதினேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா தமிழில் போட்டார். இயற்பியலில் எனக்கு ஜீரோ. தோழிக்கு மார்க்கை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், "நீ பாத்து எழுதலன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏம்பா அப்படிச் சொன்ன?"

"அங்க நின்னு உனக்காக வாதாடுனா நாம ஜெயிக்கிற மாதிரியா இருந்துச்சு? டி.சி.ய எழுதிக் கையில குடுத்திருப்பாங்க." பிறகு, "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. வகுப்புக்குப் போ" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்த டீச்சர் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம்தான் பெரிசு. அவர் என்னை நம்பாமல் அப்படிச் சொல்லியிருந்தால்கூட எப்படியாவது அவரை நம்பவைக்கலாம் என்று இருந்திருப்பேன். நம்பிக்கொண்டே கையைக் கூப்பினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து என் தோழி சைக்கிளில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அதற்கு முன் அவள் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. நான் வாசலில் அம்மாவுக்குக் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னாடி, வரவே மாட்டேங்கற? கேம்ல எக்ஸாம் வந்துடுச்சு. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியல."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"அன்னைக்கு ஏன்டி இல்லன்னு சொன்ன?"

"ஆமான்னு சொன்னா எங்க பப்பாவ கூப்புட்டு விட்டுருப்பாங்க. அவரு திருப்பி அனுப்பிட்டேன்னு சொல்லியிருக்காரு. அவருக்கு எவ்ளோ அசிங்கம்?"

"எங்க அப்பாவ கூப்புட்டாங்களே."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருல்ல" என்றாள். குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. அப்படித்தான் நம்பினாள். அதுதான் இன்னும் மோசம்.

நான் சண்டை போடவில்லை. "பூ கட்டணும், நீ போ" என்றேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்த வருடம் முடிந்ததும் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் அந்த கேமில் வந்த பரீட்சையில் பாஸானாளா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்தது. இப்போது இல்லை.

அதன் பிறகு பிளஸ் டூ முடியும் வரை, அந்தப் பள்ளியில் நடந்த எல்லாப் பரீட்சைகளிலும் என்னை டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் தனி டெஸ்க் போட்டு உட்காரவைத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். மற்றவர்கள் சொல்வார்கள். கொஞ்ச நாளில் எனக்கே பழகிவிட்டது.

பிளஸ் டூ ரிசல்ட்டில் இயற்பியலில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க் எனக்கு. மார்க் ஷீட் வாங்கப் போனபோது அதே டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒருவேளை இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பரவாயில்லையே! உன்னைத் தனியா உட்கார வெச்சது நல்லதாப் போச்சு பாத்தியா?" என்று தோளைத் தட்டினார்.

"ஆமாம், மேடம்" என்றேன். அப்பாவைப் போலவே.

அப்பா இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தேன். கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது, சும்மா கேட்க வேண்டும் போலிருந்தது. "எந்த ஸ்கூல்ல? எனக்கு ஞாபகம் இல்லியே" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு மறந்திருக்காது. என் மணிக்கட்டை அவர் பிடித்த அந்தப் பிடி எனக்கே இன்னும் மறக்கவில்லை.

நான் இன்று ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இங்கிலீஷ் தடுமாறாமல் பேசுகிறேன். ஆனால் மீட்டிங்கில் யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வி வந்து, அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், வேறு யாராவது முதலில் சொல்லிவிட மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு வயதில் வந்த அந்தப் பயம், சரியான பதில் சொன்னதற்காக வந்த பயம், இன்றுவரை என்னை விடவில்லை.