பிந்தித் திரும்பிய சக்கரம்

ஆவணி மூன்று, செவ்வாய். வழக்கம்போல் கோலம், காப்பி, சமையல். ஸ்கூட்டர் உரிமத்துக்கு எட்டுப் போடப் போன மகள், பாதியில் காலூன்றித் தோற்றுத் திரும்பினாள்.

"திருப்புனா வண்டி பெறவுதான் திரும்புதும்மா" என்றாள்.

என் சிறுவயதில் சீவலப்பேரியில் எங்கள் பழைய சைக்கிளும் அப்படித்தான். ஹேண்டில்பார் தொளதொளவென்று ஆடும். சக்கரம் சற்றுப் பிந்தியே திரும்பும். வாய்க்கால் கரையில் விழாமல் ஓட்டிக் காட்டினால்தான் அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளி என்றார் அப்பா. இருமுறை வயலில் விழுந்தேன்.

"ஏட்டி, நீ சைக்கிள ஓட்டுதியா, அது உன்ன ஓட்டுதா?" என்று சிரித்தான் அண்ணன்.

மூன்றாம் முறை, வளைவு வருமுன்பே பையத் திருப்பி, சரியுமுன்பே நேராக்கினேன். மதகு வரை கால் தரையில் படவில்லை. சேற்றுப் பாவாடையோடு நிமிர்ந்து நின்றேன்.

"ஏட்டி, நாளைக்கே பள்ளிக்கூடம் போ" என்றார் அப்பா. இன்றும் அது என் பெருமை.

புதன் காலை முதல் வேலையாக, வாசலில் கோலத்துக்குப் பதில் மகளுக்காகப் பெரிய எட்டு ஒன்று போட்டேன்.