நான் துடைத்த திரை

மூக்குக்கண்ணாடி வாங்கும்போது கடையில் சும்மா கொடுக்கும் சாம்பல் நிறத் துணி ஒன்று அண்ணியிடம் இருந்தது. தன் லேப்டாப் திரையை அதனால் மட்டுமே துடைப்பார். ஏற்காட்டில் மழை மாதங்களில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டித் திரை மங்கிப்போகும். அண்ணி முதலில் லேப்டாப்பை அணைப்பார். சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறும்வரை காத்திருப்பார். பிறகு அழுத்தாமல், உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைப்பார். அப்படியும் போகாத கறைக்குத் துணியின் ஒரு முனையை மட்டும் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து ஒற்றி எடுப்பார்.

நான் அப்போது ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். நிலைக்கண்ணாடிக்கு அடிக்கும் நீல மருந்து பாட்டில் ஒன்றை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, “இத அடிச்சா பளிச்சுன்னு ஆயிருமுங்க அண்ணி” என்றேன்.

“அது வேண்டாங் கண்ணு. கண்ணாடி வேற, இது வேற. அந்த மருந்து மேல்பூச்சத் தின்னுரும். எதையுமே நேரா திரை மேல அடிக்கக் கூடாது, ஓரத்துல எறங்கிரும்.”

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணன் பக்கத்தில் இருந்தார். “கண்ணாடி தொடைக்கறதே பொழப்பா இருக்கறவளுக்குப் பாடமா?” என்று சிரித்தார். அண்ணியைக் கேலி செய்வதாக அவர் நினைப்பு. குறுகிப்போனது நான்.

குப்பனூரிலிருந்து பி.எட். முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர் அண்ணி. வெளியே வேலைக்குப் போக அண்ணன் விடவில்லை. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அண்ணி தானாக விண்ணப்பித்தார். வேலை தரும் நிறுவனத்தார் பார்ப்பதற்காக ஆன்லைனில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், ஒரே வாய்ப்பு. பாடம் நடத்த வேண்டிய நாளன்று காலை லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரையில் ஒரு விரல்தடம் தெரிந்தது. நான் பாட்டிலை எடுத்து நான்கு முறை அடித்து, செய்தித்தாளால் அழுத்தித் தேய்த்தேன். உதவி என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மையில், நான் சொன்னதும் சரிதான் என்று காட்டத்தான் கை அவ்வளவு வேகமாகப் போனது.

நீர் கீழ் ஓரத்தில் இறங்கியது. முதலில் ஒரு வெள்ளைத் திட்டு. பிறகு கோடு கோடாகக் கறுப்பு. மூடிவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

லேப்டாப் திரை தெரியாமல் போனதால் அண்ணி செல்போனில் பாடம் நடத்த முயன்றார். மூட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பாடம் பாதியில் நின்றது. அவர்கள் மறுபடி கூப்பிடவே இல்லை. மறுவாரம் சேலத்துக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோன அண்ணன், திரைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதாம் என்று வந்து சொன்னார். “தெனமும் தொடச்சுக்கிட்டே இருந்தயே, அதான் வெனை. ஊட்டு வேலயப் பாரு.” அண்ணி என்னைப் பார்த்தார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அண்ணி எதற்கும் விண்ணப்பிக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, போன மாதம், சேர்வராயன் கோயில் வரிசையில் நின்றபோது அவரிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியும். மருந்து வாசன அன்னைக்கே வந்துச்சு. நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன்” என்றார். கண்ணு என்று கூப்பிடவில்லை.

“அண்ணங்கிட்டச் சொல்லிர்றனுங்க அண்ணி.”

“சொல்லு. அவரு கோவிச்சுக்க மாட்டாரு. அவருக்கு வேணுங்கறதத்தான நீ செஞ்ச.”

அன்று மாலையே சொன்னேன். அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதுக்கு இப்ப என்ன?” என்றார். சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.