ஜூமின் என்றால் குடியிருப்பவர்

அந்தக் குளிர்காலத்தில் லாசால் என்ற பிரெஞ்சு பேசும் ஊரில் ஓர் அடுக்குமாடியில் இருந்தேன். சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடமாகியும் பெட்டிகளை முழுதாகப் பிரிக்கவில்லை. எந்த ஊரிலும் கால் தரிக்காது எனக்கு. அடுத்து டோக்கியோவில் வேலை தேடலாமென்று, கீழ்வீட்டு ஜப்பானிய மாணவியிடம் சனிக்கிழமைகளில் அவள் மொழியைப் படித்து வந்தேன்.

ஜனவரியில் கட்டிடத்தின் ஹீட்டிங் நின்றுபோனது. மேனேஜர் தினமும் "நாளைக்கு" என்றார். அந்தச் சனிக்கிழமை இருவரும் கோட்டைக் கழற்றாமலே பாடத்துக்கு உட்கார்ந்தோம். ஆபீஸ் வார்த்தைகள் கேட்டேன். அவளோ "ஜூமின் உண்டோ" என்றாள். உண்டோ என்றால் இயக்கமாம். அவள் ஊரில் குப்பை எரிக்கும் ஆலை வரவிருந்தபோது, அவள் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் அதை எதிர்த்து நடத்தியது.

"ஷிமின் என்றால் குடிமகன். இந்த நாட்டில் நாம் இருவரும் அது இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "ஜூமின் என்றால் அங்கே குடியிருப்பவர். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம்."

"உன் அம்மா என்ன செய்தார்?"

"சுவரிகொமி. போய் உட்கார்ந்துவிடுவது."

எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினேன். மனம் ஒரு நிலையில் இல்லை.

மாலையில் மேல்மாடி யாழ்ப்பாணத்து அக்கா கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினார். "தம்பி, பிள்ளை இருமிக்கொண்டே இருக்கு. என்ன செய்யிறது?"

சுவரிகொமியைச் சொன்னேன். சொன்ன கையோடு, "ஆனா எனக்கு வொர்க் பர்மிட்தான்க்கா. ஏதாவது பிரச்சினை ஆயிடுமோன்னு பயமா இருக்கு," என்றேன்.

"நாங்கள் சண்டைக்கே போறம்? போய் இருக்கத்தானே போறம்," என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை, தரைத்தளத்திலிருந்த மேனேஜரின் அறையில் கம்பளியை விரித்து அக்கா உட்கார்ந்தார். பக்கத்தில் ஜப்பானியப் பெண். ஒவ்வொருவராக மற்ற வீட்டாரும் வந்தார்கள். என்னால்தான் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தேன். போலீஸ் வருமோ, கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, நீங்கள் நடக்கிறதைப் பார்க்க எனக்குத் தலையைச் சுத்துது. இருங்கோ."

உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது.

மேனேஜர் பிரெஞ்சில் மறுபடி "நாளைக்கு" என்றார். அக்கா பிரெஞ்சிலேயே, "சரி, நாளைவரைக்கும் இங்கேயே இருக்கிறோம்," என்றார். மேனேஜர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். மதியத்துக்குமேல் மெக்கானிக் வந்தார். சாயங்காலம் ஹீட்டிங் குழாய்களில் டொக்டொக்கென்று சத்தம் கேட்டது; சூடு ஏறத் தொடங்கியது. போலீஸ் வரவில்லை. கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, லிஃப்டும் கனநாளா ஓடேல்லை. என்ன சொல்லுறீங்கள்?"

"வர்றேன்க்கா," என்றேன்.