போருக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

எண்பதுகளின் பிற்பகுதியில், பாரிஸில் வேலை பார்த்த அத்தான் காரைக்காலுக்கு லீவில் வரும்போது கம்ப்யூட்டர் வாங்கி வருவதாக எழுதினார். நாடு பிடிக்கும் விளையாட்டு ஒன்றும் கூடவே வருமாம். நான்கு பேர் மாறி மாறி ஆடலாமாம். என்ன மாடல் என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை நேரில் பார்த்திராத தகுதியோடு நானும் என் நண்பனும் தேர்வில் இறங்கினோம்.

"மெமரி நூத்தி இருபத்தெட்டு இல்லாம பீரங்கி நகராதுடா," என்றான் நண்பன். மெமரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் அது வசதியாக இருந்தது. மூன்று பக்கக் கடிதம் எழுதினோம். போர் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் என்று தெருவுக்கே அறிவித்தேன்.

கேட்டதில் ஒன்றும் குறையாமல் அத்தான் கொண்டுவந்தார். நானும் நண்பனும் தெருப் பையன்கள் இருவருமாகத் தளபதிகள் நால்வரும் தலைசீவி வந்து உட்கார்ந்தோம். வயரோடு டி.வி.யின் பின்னால் போன அத்தான் வெகுநேரம் திரும்பவில்லை. வயரின் முனையில் இருபதுக்கும் மேற்பட்ட முட்கள், எங்கள் டி.வி.யில் இருந்ததோ ஆன்டெனா செருகும் இடம் ஒன்றுதான்.

"மூணு பக்கம் எழுதுனியே மாப்ள, என்ன டி.வி.ன்னு ஒரு வரி எழுதக்கூடாதா?"

"நீங்க கேக்கலீங்களே அத்தான்."

விளையாட்டுப் பெட்டிக்குள் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. அதைத் தரையில் விரித்து, புளியங்கொட்டைகளைப் படையாக நிறுத்தி, அத்தானையும் சேர்த்துக்கொண்டு ஆடினோம். அந்த லீவு முழுக்க அத்தான்தான் ஜெயித்தார். விதிகள் பிரெஞ்சில் இருந்தன. படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.