பத்தரை மணிக்குள் லினக்ஸ்

எங்கள் வீட்டுக் கணினியில் மவுஸ் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பல வருடத் தகராறு. அவருக்கு இடது கைப் பழக்கம். அவர் எழுந்துபோய் நான் உட்கார்ந்தால் முதல் வேலை மவுஸை இழுத்து வலது பக்கம் வைப்பதுதான். அவர் வந்தால் மறுபடி இடது பக்கம் போய்விடும். அந்த ஒயர் கீபோர்டில் சிக்கி ஒரு தடவை காப்பி டம்ளரையே சாய்த்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேலை இருக்கிறது.

நான் பத்திரம் அடிப்பவள். பல்லடத்தில் ஒரு பத்திர எழுத்தர் இருக்கிறார். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று அவர் போனில் சொல்லச் சொல்ல, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து நான் அடித்து அனுப்புவேன். இருபது வருடமாக இதுதான் என் வேலை. வீட்டுச் செலவுக்கு ஆகிறது என்பது இரண்டாம் பட்சம். அந்த வீட்டில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். குழம்பில் உப்பு இல்லை என்றால் சிரித்துவிட்டுப் போவேன். பத்திரத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிற்று என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படி இருக்க, கொஞ்ச நாளாக எழுத்தர் பேச்சுக்கு நடுவில், "ஆபீஸ்லயே ஒரு ஆளு வச்சுக்கலாம்னு பாக்கறேனுங்க அம்மணி" என்று போட ஆரம்பித்திருந்தார். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கணினிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். இருக்கிற விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது, புது விண்டோஸ் இந்தப் பெட்டியில் ஏறாது, வேறு வாங்கிவிடுங்கள் என்று காந்திபுரத்தில் ஒரு கடையில் சொல்லி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஓடற மோட்டாரை எவனாச்சும் எடைக்குப் போடுவானா?" என்று புலம்பிக்கொண்டே வந்தவர், அன்றிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸைப் பற்றிப் போனில் வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் லினக்ஸ், கொடியில் துணி காயப்போடும்போதும் லினக்ஸ். இலவசமாம், வைரஸ் வராதாம், பழைய பெட்டியிலும் பறக்குமாம். எனக்குப் பறக்க வேண்டாம். என் எழுத்து வர வேண்டும், என் கோப்பு திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னால், "எல்லாம் வரும் அம்மணி, நீ கம்முனு இரு" என்பார். கம்முனு இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத காரியம்.

நாள் பார்த்தது நான்தான். வெள்ளிக்கிழமை, காலண்டரில் நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால், பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் நேரம் பார்த்துத்தான் பிளக்கில் சொருகுவேன். "இதுக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குந்தானுங்க. பத்தரைக்குள்ள ஆரம்பிச்சரோணும்" என்றேன்.

ஒன்பது மணிக்கே உட்கார்ந்தார். லினக்ஸ் இருந்த பென்டிரைவிலிருந்தே கணினியை ஓடவைத்து, இன்னொரு பென்டிரைவில் என் பழைய பத்திரங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு நகருவதைப் பார்த்துக்கொண்டு நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன், நடந்தேன், திரும்ப வந்து நின்றேன். அப்போது தெருவில் சத்தம். குழாயில் சிறுவாணிக் குடிதண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அது வருவதே வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"டாக்குமெண்ட்ஸ்ல இருந்ததெல்லாம் ஏறிப்போச்சு. டெஸ்க்டாப்புல இருக்கறது மட்டும் பாக்கி. வந்து போடறேன். அதுவரைக்கும் ஒண்ணையும் தொட்டுப்போடாதே."

டெஸ்க்டாப்பில் இருந்தது ஒரே ஒரு கோப்புறை. அதில் ஒரே ஒரு பத்திரம், பதினெட்டுப் பக்கம். பல்லடம் பக்கம் இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரு தறிக் கொட்டகை, ஒரு கிணறு. இருவரும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, இப்போதுதான் பாகம் பிரிக்கச் சம்மதித்திருந்தார்கள். கிணற்றுக்குப் போகும் தடம் எத்தனை அடி, யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று ஒவ்வொரு வரிக்கும் இழுபறி நடந்து, ஐந்து சாயங்காலம் எழுத்தர் போனில் சொல்லி நான் அடித்தது. புதன்கிழமை பதிவு.

மணி பத்தேகால் ஆயிற்று. பத்து இருபது ஆயிற்று. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் அவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மணி ஆவுதுங்க!"

"வாரேன், வாரேன்."

அவருடைய 'வாரேன்' எனக்குத் தெரியாததா? உள்ளே வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸை இழுத்து வலது பக்கம் வைத்தேன். திரையில் என் கோப்புறையைக் காணவில்லை. அது பென்டிரைவிலிருந்து ஓடுகிற வேறு திரை, என் கோப்புறை அடியில் வட்டில், அதாவது ஹார்டு டிஸ்க்கில், பத்திரமாக இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவரே எடுத்து வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுவுவதற்கான படம் ஒன்று மூலையில் இருந்தது. அழுத்தினேன். மொழி கேட்டது. பட்டியலில் தமிழைப் பார்த்ததும் ஒரு பெருமை வேறு வந்து தொலைத்தது, அதையே கொடுத்தேன். அடுத்து, அடுத்து என்று போனேன். வட்டை முழுதாக அழித்துவிட்டு நிறுவலாமா என்று கேட்டது. பழைய விண்டோஸை அழிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? சரி என்றேன். மணி பத்து இருபத்தேழு. ராகு காலத்துக்கு மூன்று நிமிடம் முன்னால் காரியத்தை ஆரம்பித்துவிட்டேன் என்று நிம்மதியாக எழுந்தேன்.

அவர் ஈரக்காலோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

"ஆரு அமுத்துனது?"

அவர் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதுமே என் வாய் முந்திக்கொண்டது. "நானெங்கீங்க தொட்டேன்? நீங்கதான் எதையோ அமுத்திப்போட்டுப் போனீங்க. தானா ஓடுது."

அவர் மேஜையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அமுத்தியிருப்பேனாட்ட இருக்குது" என்றார். ஊர் எது என்று கேட்ட இடத்தில் கோயம்புத்தூர் இல்லை, கல்கத்தா இருந்தது. அதை அழுத்தினார். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அடித்தார். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக, "டெஸ்க்டாப்புல இருந்தது போச்சு அம்மணி" என்றார்.

பதினெட்டுப் பக்கம், ஐந்து சாயங்காலம். அதைக் கேட்டு நான் செய்த முதல் காரியம் அவரைத் திட்டியது. "தண்ணி போனாப் போவுது, பாதியில எந்திரிச்சு ஓடோணுமா? உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? இருவது வருசத்து வேலையில மண்ணு போட்டாச்சு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டினேன். குரல் உயர உயர, நான் அழுத்தவே இல்லை என்று எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த லினக்ஸ் எங்களை உள்ளேயே விடவில்லை என்பதுதான் அடுத்த கூத்து. பாஸ்வேர்டு தவறு, தவறு என்றது. கோட்டைமேட்டிலிருந்து வந்து காந்திபுரத்தில் பழைய கணினிகள் விற்கிற ஒரு பாய் எங்களுக்குப் பழக்கம். சனிக்கிழமை காலை அவருக்குப் போன் போட்டோம். "அக்கா, மேல மூலையில தமிழ்னு இருக்குதுங்களா? கீபோர்டே தமிழுக்கு மாறிக் கெடக்குது. நீங்க இங்கிலீசுல அடிக்கறதெல்லாம் அது தமிழா எடுத்துக்குது. புள்ளி புள்ளியாத் தெரியறதால உங்களுக்கு வெளங்கல" என்றார். என் தமிழ்ப் பெருமை வைத்த வேலை. மாற்றினோம், திறந்தது. பிறகு எதையோ நிறுவ ஒரு கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. அடிக்க அடிக்க ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று அவர் அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அந்தத் திரையில் அப்படித்தான், அடிப்பது வெளியே தெரியாது என்று மறுபடி பாய்தான் சொன்னார்.

அதைவிடப் பெரிய அடி, பென்டிரைவில் பிழைத்திருந்த என் பழைய பத்திரங்களைத் திறந்தபோது விழுந்தது. ஒரு தமிழ் எழுத்து இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்தது. என் பழைய எழுத்துரு இந்த லினக்ஸில் இல்லை, அதனால்தான். மறுபடி பாய்க்கே போன் போட்டோம். பாய் அந்த எழுத்துருவைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் வீட்டுக்காரர் அதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் நான்கு இடத்தில் வைத்து, ஐந்தாவது இடத்தில் வைத்தபோது திரை முழுக்கத் தமிழ் வந்தது. 'இதனால் சகலருக்கும்' என்று நான் எப்போதோ அடித்த வரியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆனாலும் அந்தப் பதினெட்டுப் பக்கம் அதில் இல்லை.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் எழுத்தரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஏனுங்க, அந்தப் பாகப்பிரிவினை அழிஞ்சுபோச்சுங்க. இன்னொருக்கா சொன்னீங்கன்னா ராத்திரி பகலா உக்காந்து அடிச்சுக் குடுத்தர்றனுங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "என்னுங்க அம்மணி இது? இதுக்குத்தான் ஆபீஸ்லயே ஆளு வச்சுக்கலாங்கறது. எப்படிங்க அழிஞ்சுது?"

"எங்க ஊட்டுக்காரருதானுங்க. என்னமோ லினக்ஸ் போடறேன்னு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாருங்க."

அவர் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். குனிந்து போன் அருகே வாயைக் கொண்டுவந்து, "ஆமாங்க, என்ற தப்புத்தானுங்க. அவ மேல எந்தத் தப்பும் இல்லீங்க. வேலைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க" என்றார்.

எழுத்தர் தன் கைக்குறிப்புகளை வைத்து ஞாயிறும் திங்களும் மறுபடி சொன்னார். அண்ணன் தம்பிகளிடம் கேட்டால் மறுபடி சண்டை என்பதால், சந்தேகம் வந்த இடத்தில் அவரும் நானும் ஞாபகத்தைக் கிளறினோம். கிணற்றுத் தடம் பன்னிரண்டடி என்று அவர் சொன்னார். பத்தடி என்று அடித்தது என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. தன் குறிப்பின் ஓரத்தில் திருத்தியிருந்ததைத் தேடிப் பார்த்துவிட்டு, "பத்துதானுங்க" என்று ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். புதன்கிழமை பதிவாயிற்று, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தும் என்னால் உட்கார முடியவில்லை. அடுப்பை ஏற்றினேன், அணைத்தேன். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அவர் கணினி முன்னால் உட்கார்ந்து, அழிந்த கோப்பைத் தோண்டி எடுக்கிற ஏதோ ஒரு மென்பொருளைப் பிடித்துவைத்து, கறுப்புத் திரையில் ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் பத்திரம் பதிவாயிருச்சுங்களே, இன்னும் என்னத்தத் தேடறீங்க?"

"உன்ற அஞ்சு நாள் உழைப்பு அம்மணி. எங்கியாச்சும் ஒட்டிட்டிருக்குதான்னு பாக்கறேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நாந்தானுங்க அமுத்துனேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

"அன்னைக்கு வந்து பாக்கறேன், மவுசு சோத்தாங்கைப் பக்கம் இருக்குது."

முதலில் வந்தது கோபம். ஆறு நாளாகத் தெரிந்துகொண்டே என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தீர்களா என்று கத்தினேன். "நீ பயந்துபோய் நின்ன. அதுல நானும் கத்தோணுமா? பத்திரம் முடியட்டும், நீயே சொல்லுவீன்னு இருந்தேன்" என்றார். கோபம் அப்படியே வெட்கமாக மாறிவிட்டது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் தெரிந்தே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரான் ஒருவனிடம், என் வேலைக்காக, செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு கெஞ்சியும் இருக்கிறார். முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போனை எடுத்தேன். "வேண்டாம், விடு" என்றார். நான் கேட்கவில்லை. இந்தத் தடவையும் ஸ்பீக்கரில்தான் போட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பத்திரத்த அழிச்சது எங்க ஊட்டுக்காரரு இல்லீங்க. நாந்தானுங்க. ராகு காலம் வந்தரும்னு அவசரப்பட்டு அமுத்திப்போட்டேன். வேற ஆளு வச்சுக்கறதுன்னா வச்சுக்குங்க. ஆனா அவர் மேல தப்பு இல்லீங்க."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வர்ற ஆளுக்கு அந்தத் தடம் பத்தடின்னு எங்கீங்க தெரியப்போவுது" என்றார் எழுத்தர். "நாளைக்கு ஒரு தானப் பத்திரம் இருக்குது. வெள்ளிக்கெழமை பாருங்க, பத்தரைக்குள்ள ஆரம்பிச்சுப்போடலாம். ஒம்பதரைக்குக் கூப்பிடட்டுங்களா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மவுஸை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதரைக்கு வேண்டாமுங்க. காலையில எல்லாத்தையும் பிரதி எடுக்கோணும்" என்றேன். "அது முடியட்டும், நானே கூப்பிடறேன். ராகு காலமா இருந்தாலும் பரவால்லீங்க."